கம்பி இறுக்கிய மறுநாள்

கிளிநொச்சி

அன்புள்ள மகளுக்கு,

நேற்றிரவு தொலைபேசியில் பேசியபோது, பல்லுக்கம்பியை இறுக்கி இரண்டு நாளாகியும் பிளேன்ரீயும் அதில் ஊறவைத்த பிஸ்கற்றும் தவிர வேறொன்றும் உண்ணவில்லை என்று சொன்னாய். அதைக் கேட்டபின் எனக்கு நித்திரை வரவில்லை. காலையில் இங்குள்ள பல் வைத்தியரிடம் போய் மனத்தில் இருந்ததையெல்லாம் கேட்டுவிட்டு வந்து, மறந்துபோக முன்னர் இதை எழுதுகிறேன்.

நீ பயப்படுவதுபோல அந்த நோவு பல் பழுதாவதால் வருவதல்ல. பல்லின் வேருக்கும் தாடை எலும்புக்கும் இடையில் மெல்லிய இழையம் ஒன்று இருக்கிறது. கம்பி பல்லைத் தள்ளும் பக்கத்தில் அந்த இழையம் நசுங்கி, இரத்தோட்டம் குறைந்து, அழற்சி உண்டாகிறது. நோவைத் தருவதும் அந்த அழற்சிதான். நசுங்கிய பக்கத்து எலும்பு கரைந்து, மறுபக்கத்தில் புதிய எலும்பு வளர்ந்து, பல் நகர்வதற்கு வழி பிறப்பதும் அதனால்தான். இறுக்கிய சில மணித்தியாலங்களில் தொடங்கும் நோவு மறுநாள் உச்சத்துக்குப் போய், மூன்றாம் நாளிலிருந்து தணிந்து, பெரும்பாலும் ஒரு கிழமைக்குள் அடங்கிவிடும். ஒரு கிழமை கடந்தும் தணியாவிட்டாலோ, முரசு வீங்கினாலோ, கம்பி நுனி கன்னத்தைக் குத்தினாலோ, அடுத்த திகதி வரட்டும் என்று காத்திராமல் உடனே போய்க் காட்டு.

நோ மாத்திரை விடயத்தில் உன் அறைத்தோழி தந்தது என்று எதையும் விழுங்காதே. இபுபுரோபன் போன்றவை அந்த அழற்சியையே அடக்குவதால் பல்லின் நகர்வையும் தாமதப்படுத்தக்கூடும் என்பதால், இதற்குப் பனடோலே (பரசிற்றமோல்) நல்லது என்கிறார் வைத்தியர். 500 மில்லிகிராம் மாத்திரையில் ஒன்றோ இரண்டோ, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை எடுக்கலாம்; ஒரு நாளில் எட்டைத் தாண்டக்கூடாது. வெறும் வயிற்றோடு கம்பி இறுக்கப் போகாதே. நோ தொடங்குவதற்குச் சில மணித்தியாலங்கள் இருப்பதால், போகமுன் வயிறு நிறையச் சோறு சாப்பிட்டுவிட்டுப் போனால் அன்றிரவைச் சமாளிக்கலாம்.

இனிச் சாப்பாட்டைப் பற்றி. முதலிரண்டு நாளும் பல்லுக்கு வேலை வைக்காத உணவே வேண்டும், ஆனால் அது சத்துள்ள உணவாக இருக்கவேண்டும். பச்சையரிசியைக் குழைய விட்டுத் தேங்காய்ப்பால் சேர்த்துக் கஞ்சி வை. அதற்குள் ஒரு பிடி பயறு போட்டால் இரவு வரை பசி தாங்கும். இடியப்பத்தைச் சொதியில் நன்றாக ஊறவிட்டு உண்ணலாம், ஆனால் சொதிக்குப் பச்சைமிளகாய் போடாதே, கம்பி உரசிய புண்ணில் உறைப்புப் பட்டால் துடித்துப்போவாய். உளுத்தங்களி, மசித்த பருப்பு, அவித்து நசித்த பூசணி, பப்பாப்பழம், முள்ளெடுத்த விரால் மீன் எல்லாம் நல்லவை. பிட்டை உதிரியாக உண்ணாமல் பாலும் வாழைப்பழமும் விட்டுப் பிசைந்துகொள். தயிரைக் குளிராகவே சாப்பிடு. சொத்தைப் பல்லுக்குக் குளிர் ஆகாது என்று நான் சிறுவயதில் உன்னைத் தடுத்தது வேறு. இந்த நோவுக்குக் குளிர் இதமானது. குறிப்பாக நிக்கல்-தைத்தேனியக் கம்பியாக இருந்தால், குளிர் பட்டதும் அதன் இழுவை சற்று நேரத்துக்குத் தளருமாம்.

கடித்து உண்ணும் பண்டங்கள் கம்பி கழற்றும்வரை வேண்டாம். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வந்தால் கச்சான் கடைகளைக் கண்டு உனக்குக் கை நிற்காது என்பது எனக்குத் தெரியும், ஆனாலும் இந்த வருடம் விட்டுவிடு. சென்ற முறை நான் ஆசையோடு பனங்கிழங்கை அவித்துக் காயவைத்துப் பஸ்ஸில் அனுப்பிய புழுக்கொடியலைக் கடித்துத்தான் உன் பல்லில் ஒட்டியிருந்த பிரக்கெற் கழன்றது. அதை நீ ஒரு மாதம் என்னிடம் மறைத்ததை நினைக்கும்போது எனக்கு இன்னும் கவலையாக இருக்கிறது. கொய்யாவை முன்பல்லால் கடிக்காமல் சிறு துண்டாக வெட்டு, சோளத்தைக் கதிரிலிருந்து உதிர்த்துக் குழைய அவி.

மென்மையானது என்பதற்காக இனிப்பையே நாள் முழுவதும் உறிஞ்சிக்கொண்டிராதே. பிரக்கெற்றைச் சுற்றிச் சீனி தங்கினால், கம்பி கழற்றும்போது பல்லில் வெள்ளைத் தழும்பு தெரியும். பல் நேராகியும் பயனில்லாமல் போகும். நோகிறது என்று பல் துலக்காமலும் விடாதே. மென்மையான தும்புள்ள பிரஷ் வாங்கு. ஒரு கிளாஸ் இளஞ்சூட்டு நீரில் அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டுக் கொப்பளி. உரசுமிடத்தில் வைத்தியர் தந்த மெழுகை உருட்டி ஒட்டு.

இவ்வளவும் ஏன் எழுதுகிறேன் என்று உனக்குத் தெரியும். 2009 இல் யுத்தத்தால் இடம்பெயர்ந்து செட்டிகுளம் முகாமில் இருந்தபோது உனக்கு எட்டு வயது. சொத்தையான பால் கடைவாய்ப் பற்கள் இரண்டைப் பிடுங்கவேண்டி வந்தபோது, அந்த இடைவெளியை அடுத்த பற்கள் பிடித்துவிடும் என்றோ, வேட்டைப்பல் முளைக்க இடமின்றி முரசின் மேலே ஏறும் என்றோ எனக்குச் சொல்ல ஆளில்லை. சொல்லியிருந்தாலும் செய்வதற்கு வழியில்லை. பள்ளிக்கூடப் படங்களிலெல்லாம் நீ வாயை மூடிக்கொண்டே நின்றாய். இன்று உன் சம்பளத்தில் நீயே கம்பி போட்டிருக்கிறாய். அதனால் வரும் நோவை, அன்று எனக்கு முடியாமல்போனதையும் சேர்த்து, உன்னோடு கூட இருந்து பார்க்க விரும்புகிறேன்.

அடுத்த முறை இறுக்கும் திகதி தெரிந்ததும் எனக்குச் சொல். இயலுமானால் வெள்ளிக்கிழமை பின்னேரமாக எடு. நோ கூடிய நாள் லீவு நாளில் வரும். அதற்கு முதல் நாள் இரவு பஸ்ஸில் வறுத்த உளுத்தம்மாவும் பயறும் அனுப்பிவிடுகிறேன். இம்முறை புழுக்கொடியலையும் இடித்து அரித்து மாவாகவே கட்டுவேன், தேங்காய்ப்பூவும் கொஞ்சம் சர்க்கரையும் போட்டுக் குழைத்து உண்.

அன்புடன்,
அம்மா