வெளிச்சத்துக்குக் கழிக்கத் தெரியாது

அன்புள்ள சேகருக்கு,

கடிதம் கிடைத்தது. சி.டி. ஸ்கேனில் பயப்பட ஒன்றுமில்லை என்று படித்ததும் நிம்மதி. இனியாவது ஊறுகாயைக் குறை.

கம்ப்யூட்டர் இல்லாமல் இந்தக் குறுக்குவெட்டுப் படத்தை எடுக்க முடியுமா என்று கேட்டிருந்தாய். 1940-லேயே காப்ரியேல் ஃபிராங்க் என்பவர் ஜெர்மனியில் அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். எக்ஸ்ரேயை மெல்லிய பட்டையாக உடம்பின் குறுக்கே விட்டால், நிழல் ஒரு கோடாக ஃபிலிமில் பதியும். ஆளைக் கொஞ்சம் திருப்பி, அடுத்த கோட்டை அதன் கீழே பதிய வேண்டும். சுற்று முடிந்தபின் ஃபிலிமைப் பார்த்தால் ஒரே நெளிவு. ஒவ்வொரு எலும்பும் ஓர் அலை.

அப்புறம் வெளிச்சத்தின் வேலை. ஒவ்வொரு கோட்டையும் உருளை லென்ஸ் வழியே அகலப் பட்டையாக இழுத்து, அது எடுக்கப்பட்ட கோணத்திலேயே இன்னொரு ஃபிலிமில் விழவிடுவார்கள். பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, எலும்பு இருந்த இடத்தில் எலும்பு தெரியும். கூட்டல் முழுக்க ஃபிலிமே போட்டுவிடும். எக்ஸ்ரே உடம்பில் குறைகிற கணக்குக்கு மடக்கை (லாகரிதம்) எடுக்க வேண்டும் இல்லையா, ஃபிலிமின் கருமை ஓரளவுக்கு அதையும் தானாகவே செய்துவிடுகிறது. எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

சிக்கல் என்னவென்றால் படம் மங்கல். ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும், எண்ணெய் பட்ட காகிதம் மாதிரி ஒரு படர்வு. அதைப் போக்கச் சுற்றுப்புறத்திலிருந்து கொஞ்சம் கழிக்க வேண்டும். எவ்வளவு, எப்படி என்பதற்கு எளிய வழியை 1971-ல் எழுதியவர்கள் ராமச்சந்திரனும் லட்சுமிநாராயணனும். ஆமாம், பல வருஷம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த அதே விஞ்ஞானி ஜி.என்.ராமச்சந்திரன்தான்! ஆனால் வெளிச்சத்தில் மைனஸ் கிடையாதே. வெளிச்சத்தை அளவோடு விடும் மறைப்புகளில் கூட்டுவதற்கு ஒன்று, கழிப்பதற்கு இன்னொன்று என்று இரண்டாகப் பிரித்து, மின்சுற்றில் கழிக்க வேண்டியதாயிற்று. அமெரிக்காவின் அரிசோனாவில் ஹாரிசன் பாரெட் போன்ற விஞ்ஞானிகள் 1970-களில் இந்த ஒளி வழியில் நிறைய உழைத்தார்கள்.

அதற்குள் லண்டனில், கம்ப்யூட்டரில் கணக்குப் போடும் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. இயந்திரம் வந்துவிட்டது. 1971 அக்டோபரில் அவர் எடுத்த முதல் நோயாளியின் படம் 80-க்கு 80 கட்டம்தான். ஆனாலும் மூளையில் ஒரு சதவீத வித்தியாசம்கூடத் தெரிய வேண்டும். அந்தத் துல்லியம் ஃபிலிமுக்கு வராது. வேகத்தில் வெளிச்சம் தோற்கவில்லை, ஃபிலிம்தான் காலை வாரிவிட்டது என்பது என் கட்சி. நீ ஒத்துக்கொள்ள மாட்டாய், தெரியும்.

பங்குனியில் ஊருக்கு வருகிறாய்தானே? கண்ணாடிக் குழாயில் தண்ணீர் நிரப்பினாலே உருளை லென்ஸ் ரெடி. உட்கார்ந்து சண்டை போடலாம்.

அன்புடன்,
ராகவன்