உனக்குப் பதிலாக இரண்டு சிப்பம் அரிசி

போடிநாயக்கனூர்
மார்கழி, ஞாயிறு

பாப்பாவுக்கு,

போனில் சொல்லவேண்டியதை எழுதுகிறேன். போனில் பேசினால் உங்கம்மா பக்கத்திலேயே நிற்கிறாள். உன் பைக்குக்கு ஆன செலவு அவளுக்கு முழுசாகத் தெரியவேண்டாம். நீயும் இரண்டு வார்த்தை கேட்பதற்குள் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய். பொங்கலுக்கு வந்த மறுநாளே சாவியை எடுத்துக்கொண்டு போடிமெட்டு ஏறிவிடுவாய் என்று எனக்குத் தெரியும். அதற்குள் வண்டியில் என்ன செய்திருக்கிறேன், என்ன செய்யவில்லை என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆனியில் புனேக்குப் போகும்போது ஒரு பட்டியல் அனுப்பினாயே, ஒன்பது சாமான். கைக்கும் லீவருக்கும் காப்பாக ஹேண்ட் கார்டு, இன்ஜினுக்கு அடியில் பூட்டும் அடித்தகடு, ஹேண்டிலை உயர்த்தும் ரைசர், முள்ளு டயர், பின்பக்கத்தைத் தாழ்த்தும் லோயரிங் லிங்க், எக்ஸ்ட்ரா லைட், வேற சைலன்சர், பின் பெட்டி, செயின் ஓடும் பல்சக்கரம் இருக்கிறதே, அதில் சின்னதாக ஒரு ஸ்ப்ராக்கெட். அதில் இப்போது வண்டியில் இருப்பது இரண்டுதான். கோபப்படாமல் மேலே படி.

முதலில் உன் வண்டியைப் பற்றி நான் நினைத்ததைச் சொல்லிவிடுகிறேன். இருபத்திரண்டு வருஷம் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றி ஜீப் ஓட்டியவன் நான். நீ எக்ஸ்பல்ஸ் 200 வாங்கிவந்து வாசலில் நிறுத்தியபோது கொக்கு நிற்கிறது என்றுதான் தோன்றியது. அப்புறம் உட்கார்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது. முன் சக்கரம் 21 இன்ச், பின் சக்கரம் 18. பெரிய சக்கரம் கல்லில் முட்டி நிற்காமல் ஏறிப்போகும், நம் கமாண்டர் ஜீப்பின் கதையேதான். தரைக்கும் வண்டியின் வயிற்றுக்கும் நடுவே 220 மில்லிமீட்டர். முன் ஃபோர்க் 190 மில்லிமீட்டர் அமுங்கும், பின் சக்கரம் 170. ரோட்டுக்கும் தோட்டத்துப் பாதைக்கும் ஆனதாகவே செய்து கொடுத்திருக்கிறார்கள். இதில் நாம் செய்ய மிச்சம் என்ன இருக்கிறது?

மிச்சம் இருந்தது ஒன்றுதான். வண்டி உனக்கென்று அளவெடுத்துத் தைத்த சட்டை இல்லை. பின் ஷாக்கின் ஸ்பிரிங்கைக் கம்பெனியில் ஏதோ ஒரு நடுவாந்திர எடைக்கு வைத்து அனுப்புகிறார்கள். உன்னைப் போல ஒல்லியான ஆள் உட்கார்ந்தால் அது அமுங்காமல் விறைத்து நிற்கும். சீட் உயரமாகத் தெரியும், கால் எட்டாது, பள்ளத்தில் சக்கரம் தரையைத் தொடாமல் துள்ளும். "உயரமா இருக்குப்பா" என்று நீ சொன்னதில் பாதி இதுதான்.

இதை அளக்க நீ வேண்டும். நீ புனேயில். எடை கேட்டால் சொல்லவும் மாட்டேன் என்கிறாய். அதனால் இரண்டு சிப்பம் அரிசியைச் சீட்டில் ஏற்றிக் கயிற்றால் கட்டினேன். 2022-இல் 25 கிலோ வரைக்கும் கட்டிய அரிசிக்கு ஜிஎஸ்டி போட்டார்களே, அதிலிருந்து சிப்பம் 26 கிலோவாகிவிட்டது. ஆக 52 கிலோ. நீ அவ்வளவுதான் இருப்பாய் என்று உங்கம்மா சொன்னாள். தெருப்பிள்ளைகள் எல்லாம் வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். "தாத்தா, அரிசி எங்க போகுது?" என்று ஒரு பொடியன் கேட்டான்.

அளக்கும் விதம் சுலபம், நீயும் கற்றுக்கொள். பின் சக்கரம் தரையில் படாமல் வண்டியைத் தூக்கி நிறுத்தி, சக்கர அச்சின் நட்டிலிருந்து நேர் மேலே ஒரு குறி வரைக்கும் டேப்பில் அளக்கவேண்டும். பிறகு வண்டியைத் தரையில் இறக்கி, ஆளை ஏற்றி, மறுபடி அதே அளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அமுங்கல். மொத்தம் அமுங்குவதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்ட வந்தால் நல்லது. 170-க்கு 55 போல. சிப்பத்தோடு எனக்கு வந்தது வெறும் 36. ஷாக்கின் கழுத்தில் ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கிற வளையத்தை இரண்டு படி தளர்த்தினேன், 48 ஆனது. ஒரு பைசா செலவில்லை. சீட்டும் கிட்டத்தட்ட ஒரு விரல் கட்டை இறங்கிவிட்டது.

சீட்டையும் கொஞ்சம் செதுக்கச் சொன்னேன். உயரத்தைக் குறைக்கவில்லை, முன்பக்கம் தொடை படுகிற இரண்டு ஓரத்தை மட்டும். அகலம் குறைந்தால் கால் நேராக இறங்கும். நிலைப்படியில் உன் உயரத்துக்குப் போட்ட பென்சில் கோடு இன்னும் இருக்கிறது, கல்லூரிக்குப் போன வருஷம் போட்டது. அதை வைத்துத்தான் கணக்குப் பண்ணினேன். அதற்கு மேல் வளர்ந்திருக்க மாட்டாய்.

லோயரிங் லிங்க் போடாததற்குக் காரணம் இதுதான். அதைப் போட்டால் சீட் இறங்கும், கூடவே வயிறும் இறங்கும். 220-ஐக் காசு கொடுத்து வாங்கிவிட்டு மறுபடி காசு கொடுத்துக் குறைப்பார்களா? சைடு ஸ்டாண்டு நீளமாகிப் போகும், வண்டி சாயாமல் நிமிர்ந்து நிற்கும், காற்றடித்தால் விழும். முன்னால் லைட் வானத்தைப் பார்க்கும். கால் எட்டாத இடத்தில் மேட்டுப் பக்கம் இருக்கிற காலை ஊன்று, அது போதும். இரண்டு காலும் தரையில் படவேண்டும் என்று யார் சொன்னது.

ரைசர் வாங்கிப் போட்டேன், கழற்றிவிட்டேன். நின்று ஓட்ட வசதிதான், ஆனால் நீ என்னைவிட ஒரு சாண் குட்டை. உனக்கு அது கழுத்துக்கு வரும். இன்னொன்று, ஹேண்டிலை முழுசாக இடது பக்கம் ஒடித்தபோது கிளட்ச் கேபிள் இழுத்துக்கொண்டது. கொண்டை ஊசி வளைவில் கிளட்ச் தானாகப் பிடித்தால் என்னாகும் என்று நினைத்துப் பார். அதற்குப் பதிலாக இரண்டு லீவரையும் கொஞ்சம் கீழ் நோக்கித் திருப்பி வைத்திருக்கிறேன், நின்றால் மணிக்கட்டு மடங்காது. ஃபுட்ரெஸ்ட் ரப்பரைக் கழற்றியாகிவிட்டது. சேற்றுக் கால் இரும்புப் பல்லில்தான் நிற்கும்.

ஹேண்ட் கார்டும் அடித்தகடும் இருக்கின்றன. அடித்தகடு விஷயத்தில்தான் உங்கம்மாவுக்குத் தெரியாத செலவு. தகட்டைப் பூட்டும் முன் ஆயிலை மாற்றிவிடுவோம் என்று மாற்றினேன். ஆயில் இறக்கும் டிரெயின் போல்ட்டை முறுக்கியது ஜீப்பில் பழகின கை. ஜீப் ஸ்பேனரின் நீளத்துக்கு இந்த இன்ஜின் தாங்குமா? அலுமினியம், மரை வழுக்கிவிட்டது. ஸ்பேனர் சும்மா சுற்றும்போது வயிற்றில் ஒரு மாதிரி ஆகும் பார், அது உனக்கு வரவேண்டாம். லேத் பட்டறையில் ஹெலிகாயில் என்று ஒரு கம்பிச் சுருளை உள்ளே இறக்கிப் புது மரை பண்ணிக் கொடுத்தார்கள். முன்னைவிட உறுதி என்கிறார்கள். நீ இனிமேல் சின்ன ஸ்பேனரால், நுனியில் இரண்டு விரல் வைத்து இறுக்கு. தகட்டுக்குள் சேறு தங்கும், வாரம் ஒரு தடவை தண்ணீர் விடு.

ஸ்ப்ராக்கெட் ஒரு மாதம் போட்டு ஓட்டிப் பார்த்தேன். முன்னால் ஒரு பல் குறைப்பது பின்னால் மூன்று பல் கூட்டுவதற்குக் கிட்டத்தட்டச் சமம். தோட்டத்துப் பாதையில் ஃபர்ஸ்ட் கியரில் ஆமை போல ஏறியது, அருமை. ஆனால் தேனி ரோட்டில் போனால் இன்ஜின் கத்துகிறது, பக்கத்தில் வருகிறவன் திரும்பிப் பார்க்கிறான். கழற்றித் துணியில் சுற்றி டூல் பெட்டியில் வைத்திருக்கிறேன். வேண்டுமானால் மாட்டிக்கொள்.

செயினைப் பற்றி ஒன்று மட்டும். இந்த மாதிரி நிறைய அமுங்குகிற வண்டிக்கு, சும்மா நிற்கும்போது செயின் சரியாக இருந்தால் ஆள் உட்கார்ந்ததும் விறைத்துவிடும். சிப்பத்தை இறக்குவதற்கு முன்பே செயினையும் பார்த்துத் தளர்த்திவிட்டேன். தொங்குகிறதே என்று நீ இறுக்கிவைக்காதே.

சைலன்சர் வேண்டாம். 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம், வண்டி கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து மாறக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவை வைத்துத் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. அந்த வழக்கே கேரளத்திலிருந்து போனது. நீ போகப்போவதும் அங்கேதான். போடிமெட்டு செக்போஸ்ட் தாண்டினால் சத்தமாக வருகிற வண்டியை ஓரம் கட்டிவிடுவார்கள். எனக்கு அந்தச் சத்தமே பிடிக்காது என்பது வேறு விஷயம். எக்ஸ்ட்ரா லைட்டும் அதே கதை. பின் பெட்டி போட்டால் கனம் எல்லாம் உச்சியில் போய் உட்காரும். சாமானை இரண்டு பையாகப் பிரித்து இரண்டு பக்கமும் தொங்கவிட்டாலே போதும்.

டயரை மாற்றவில்லை. நம் வழியில் முக்கால்வாசி தார் ரோடுதான். முந்தலில் ஏறினால் மெட்டு வரை 17 கொண்டை ஊசி, மேலே போகப்போகச் சாரலில் நனைந்த தார். முள்ளு டயர் அங்கே வழுக்கும். டயர் காற்றைக் கூட்டிக் குறைத்து விளையாடு. தார் ரோட்டில் முன் 25, பின் 28 பாயிண்ட் வைத்திருக்கிறேன். தோட்டத்துப் பாதையில் இறங்கும்போது 20-க்குக் குறைத்துப் பார், டயர் தரையைக் கவ்விப் பிடிக்கும். அதற்கும் கீழே போகாதே, கல்லில் அடித்தால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே ட்யூப் நசுங்கி இரண்டு ஓட்டை விழும். திரும்ப ரோட்டுக்கு வந்ததும் கைப்பம்பால் ஏற்றிவிட்டுக் கிளம்பு.

சொல்லாமல் விட்டால் நீயே கீறலைப் பார்த்துக் கேட்பாய். ஐப்பசியில் தோண்டிமலைப் பக்கம் ஓட்டிப் பார்க்கப் போய் விழுந்தேன். வேகமெல்லாம் இல்லை, நடக்கிற வேகம். ஜீப் தடத்தின் பள்ளத்துக்குள் முன் சக்கரம் போய்விட்டது, வெளியே எடுக்கலாம் என்று ஒடித்தேன். ஜீப்பில் நாலு சக்கரம் இருந்ததால் இந்தப் பாடத்தை நான் படிக்கவே இல்லை. தடத்துக்குள் போனால் தடத்தோடே போகவேண்டும், பார்வையைச் சக்கரத்தில் வைக்காமல் தூரத்தில் வைக்கவேண்டும். ஹேண்ட் கார்டு கீறியது, கிளட்ச் லீவர் முறியவில்லை. லீவர் கிளாம்ப்பைக் கொஞ்சம் இளக்கமாக வைத்திருந்ததால் அது சுற்றிக்கொண்டது. அந்த இளக்கத்தை நீ இறுக்கிவிடாதே. முழங்கை சரியாகிவிட்டது. உங்கம்மாவிடம் சட்டைச் சேறு தோட்டத்தில் ஆனது என்று சொல்லியிருக்கிறேன், நீயும் அதையே சொல்.

விழுந்த மறுநாள் ஸ்பேனரால் ஸ்போக்ஸ் கம்பிகளைத் தட்டிப் பார்த்தேன். இறுக்கமான கம்பி 'டிங்' என்னும், இளகினது 'டொக்' என்னும். முன்னால் இரண்டு 'டொக்' இருந்தது, கால் சுற்று இறுக்கினேன். நீயும் மாதம் ஒரு தடவை தட்டிப் பார்.

இப்போது நீ செய்யவேண்டியது. ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் எல்லாம் மாட்டிக்கொண்டு, சாமான் பையையும் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி நின்று எடையை எழுது. 52-ஐவிடக் கட்டாயம் கூடத்தான் இருக்கும், வளையத்தை ஒரு படி திருப்பவேண்டி வரலாம். இங்கே வந்து அளந்துகொள்ளலாம் என்று தள்ளிப்போடாதே. சிப்பம் இரண்டில் ஒன்றை உங்கம்மா பிரித்து உலையில் போட்டுவிட்டாள்.

அப்பா

பி.கு.: வரும்போது அங்கே 21 இன்ச் ட்யூப் கிடைத்தால் ஒன்று வாங்கி வா. அவசரத்துக்கு அதையே பின் 18 இன்ச் சக்கரத்திலும் திணித்து ஊர் வந்து சேர்ந்துவிடலாம், ஒன்று இருந்தால் போதும். காசு நான் தருகிறேன், ஜிபேயில் அனுப்பினால் உங்கம்மாவுக்கு மெசேஜ் போகும், கையில் தருகிறேன்.