மீள்குடியேறிய கிராமங்களின் சங்கங்களுக்கு நேரடி நிதியும் தடையின்றி இயங்கும் வழியும் கோரும் மனு

கௌரவ ஆளுநர் அவர்கள்,
வட மாகாணம்.

மதிப்புக்குரிய ஐயா,

முல்லைத்தீவு மாவட்டத்தில் மீள்குடியேறிய கிராமமொன்றின் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தினராகிய நாங்கள் இம்மனுவைத் தங்களிடம் சமர்ப்பிக்கிறோம்.

2009 மே மாதம் போர் முடிந்தபோது எங்கள் ஊரவரில் பெரும்பாலானோர் வவுனியா செட்டிகுளத்தில் இடம்பெயர்ந்தோரை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் இருந்தோம். கண்ணிவெடி அகற்றி முடிந்தது என்று சொல்லி எங்களை ஊருக்கு அனுப்பியபோது கையில் தறப்பாளும் தகரமும் மண்வெட்டியும் இருந்தன. வளவுக்குள் பற்றை ஆளுயரத்துக்கு வளர்ந்து கிடந்தது. பொதுக் கிணற்றுக்குள் துருப்பிடித்த தகரமும் மாட்டெலும்பும். யாரை நம்புவது, யாரோடு பேசுவது என்று தெரியாத அந்த நாட்களில், அந்தக் கிணற்றை இறைப்பதற்காகத்தான் பத்துப் பெண்கள் முதன்முதலாக ஒன்று சேர்ந்தோம். மூன்று நாள் இறைத்தோம். மூன்றாம் நாள் மாலை ஊற்றுக்கண் திறந்து தெளிந்த தண்ணீர் வந்தபோது, முகாமில் வாய் திறக்காமலே இருந்த ஒரு தாய் கிணற்றுக்கட்டில் உட்கார்ந்து, காணாமற்போன தன் மகனைப் பற்றிப் பேசத் தொடங்கினார். எங்கள் சங்கம் அன்றே தொடங்கிவிட்டது. பதிவுச் சான்றிதழ் பிறகுதான் வந்தது.

வீதியும் மின்சாரமும் வந்தன. இந்திய வீட்டுத்திட்டத்தில் வடக்கிலும் கிழக்கிலும் சுமார் 46,000 வீடுகள் எழுந்தன. அதில் ஒரு விடயத்தைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறோம். வீடொன்றுக்கு 5,50,000 ரூபாய் பயனாளியின் வங்கிக் கணக்குக்கே கட்டங்கட்டமாக வந்தது. அத்திவாரம் வெட்டியதும் மேசனைத் தேடிப் பிடித்ததும் வீட்டுக்காரரே. பணம் போதாமல் பலர் கடன்பட்டது உண்மை. ஆனாலும் சனத்தின் கையில் காசைக் கொடுத்தால் வேலை நடக்காது என்று இனி யாரும் எங்களிடம் சொல்ல முடியாது. தனிக் குடும்பத்தின் மேல் வைத்த அந்த நம்பிக்கையை, எல்லாக் குடும்பங்களும் சேர்ந்த சங்கத்தின் மேல் ஏன் வைக்கக் கூடாது?

எங்கள் பொதுநோக்கு மண்டபம் கேள்வி (டெண்டர்) கோரி, வெளியூர் ஒப்பந்தகாரரால் கட்டப்பட்டது. எந்த இடத்தில் கட்டலாம் என்று எங்களிடம் ஒருவரும் கேட்கவில்லை. மாரி வந்தால் வாசலில் முழங்காலளவு தண்ணீர் நிற்கிறது. மின்கட்டணம் செலுத்த நிதியில்லாமல் பூட்டியிருந்த காலத்தில் கதவைக் கறையான் அரித்துவிட்டது. அதே காலத்தில் நாங்கள் மாதாமாதம் சேர்த்த சிறு சேமிப்பிலிருந்து, நுண்கடன்காரர் வாசலில் வந்து நின்ற பெண்களுக்குச் சுழற்சிக் கடன் கொடுத்து மானத்தைக் காத்தோம். முன்பள்ளி ஆசிரியைக்குக் கொடுப்பனவும் அந்தச் சேமிப்பிலிருந்துதான் போகிறது. எந்தத் திட்ட அறிக்கையிலும் இவை எழுதப்படவில்லை.

2016இல், போரில் நடந்தவற்றுக்கு உண்மையும் நீதியும் இழப்பீடும் தேடும் நல்லிணக்கப் பொறிமுறைகள் பற்றி மக்கள் கருத்தை அறிய நடந்த கலந்தாய்வில் நாடெங்கும் 7,000க்கும் மேற்பட்ட கருத்துகள் பதிவாகின. வலய மட்டக் குழுக்களில் அந்தந்தப் பகுதிச் செயற்பாட்டாளர்களே இருந்தார்கள். தெரிந்த முகம் பக்கத்தில் இருந்தால்தான் சனம் வாய் திறக்கும் என்பதை நாங்கள் கிணற்றடியிலேயே கண்டவர்கள்.

ஆனால் ஒன்று கூடுவதே எங்களுக்கு இன்னும் இலகுவாக இல்லை. ஒரு முறை எங்கள் தையல் பயிற்சிக்கு வந்தவர்களின் பெயர் விபரம் கேட்டு இருவர் வந்தார்கள். யார் கேட்கச் சொன்னது என்று சொல்லவில்லை. அடுத்த வாரம் பாதித் தையல் இயந்திரங்களுக்கு ஆளில்லை. அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை தரும் ஒன்றுகூடும் உரிமை தையல் வகுப்புக்கும் உரியதுதானே, ஐயா.

ஆகவே தங்களிடம் நாங்கள் வேண்டுவது: மதகு, கிணறு, முன்பள்ளித் திருத்தம் போன்ற சிறிய வேலைகளை வெளியாருக்குக் கேள்வி கோருமுன் பதிவுபெற்ற கிராமச் சங்கங்களுக்கு நேரடி ஒப்பந்தமாகத் தாருங்கள். அதோடு ஆண்டுக்கொரு சிறு தொகையை மூன்று ஆண்டுகளுக்காவது தொடர்ந்து ஒதுக்குங்கள். மின்கட்டணம், பஸ் செலவு, ஆசிரியைக் கொடுப்பனவு ஆகியவற்றுக்கும் அதைச் செலவிட அனுமதி வேண்டும். கட்டடத்துக்குக் காசு உண்டு, அதைத் திறந்து வைத்திருக்கக் காசில்லை என்ற நிலைதான் எங்களை ஆண்டாண்டாக முடக்குகிறது. கணக்கேடும் பற்றுச்சீட்டுகளும் எங்களிடம் ஒழுங்காக உள்ளன. எந்த அலுவலரும் முன்னறிவித்தல் இன்றி வந்து பார்க்கலாம். சங்கக் கூட்டங்களுக்கு முன் அனுமதியோ பங்குபற்றுவோர் பெயர்ப்பட்டியலோ தேவையில்லை என்று மாகாணத் திணைக்களங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்புவதுடன், பாதுகாப்புத் தரப்பினருடனும் தாங்கள் இதுபற்றிப் பேச வேண்டும்.

எங்கள் மாதாந்தக் கூட்டம் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு, மண்டபத்துக்கு எதிரே உள்ள வேப்பமரத்தடியில் நடைபெறுகிறது. அடுத்த கூட்டத்துக்குத் தாங்களோ தங்கள் பிரதிநிதியோ வருகை தரும்படியும், இம்மனுவுக்கு எழுத்துமூலம் பதில் தரும்படியும் பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தலைவி, செயலாளர், பொருளாளர் மற்றும் அங்கத்தவர்கள்,
மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம்.

பிரதி: மாவட்டச் செயலாளர், பிரதேச செயலாளர்