வண்டி ஓடிட்டு மக்களே

நாகர்கோவில்
6.11.2025

மக்களே,

அம்மாவுக்கு ஒரு குறையும் இல்ல. சுகர் மாத்திரை நேரத்துக்குப் போடுதேன். பக்கத்து வீட்டுப் பையன் சனிக்கிழமை திருவனந்தபுரத்துல பிளேன் ஏறுதான். ஏத்தங்கா வத்தலோட இதையும் அவன் கையில குடுத்து விடுதேன். போன்ல ஆரம்பிச்சா நீ "சரிம்மா, வைக்கட்டுமா"ன்னு கேட்டுருவ.

வண்டி ஓடிட்டு. ரெண்டு வருசமா ஷெட்டுல கிடந்த வண்டி. வடசேரியில இருந்து மெக்கானிக்கு வந்தாரு. பேட்டரி புதுசு போட்டு, கெட்டுப்போன பெட்ரோல வடிச்சு வேற ஊத்துனதும் எஞ்சின் பிடிச்சிட்டு. கியர்தான் விழல. கிளட்ச்ச அடிவரைக்கும் மிதிச்சாலும் கறகறன்னு சத்தம். எஞ்சின அணைச்சிட்டுப் போட்டா நாலு கியரும் சுளுவா விழுது. கேபிள் அறுந்திருக்கும்னேன் நான். அவரு கூட வந்த பையன மிதிக்கச் சொல்லி, பானெட்டத் தூக்கிப் பாத்தாரு. கேபிளும் இழுக்கு, லிவரும் அசையுது. "உள்ள கிளட்ச் பிளேட்டு துருப்பிடிச்சு, எஞ்சினோட சுத்துத ஃபிளைவீல்ல ஒட்டிட்டும்மா, மிதிச்சாலும் பிரியாது"ன்னாரு. ஆடியிலயும் மழை, ஐப்பசியிலயும் மழைன்னு கிடக்குத ஊருல ஒட்டாம என்ன செய்யும்? ஹேண்ட் பிரேக்கும் போட்டே கிடந்ததா, பின்வீலு ரெண்டும் பிடிச்சு, டிரம்ம சுத்தியலால தட்டித்தான் விட்டுது.

தென்னமட்டைய அளவா வெட்டி, பெடல மிதிச்சாப்புல சீட்டுக்கு முட்டுக் குடுத்து ரெண்டு ராத்திரி விட்டாரு. பிளேட்டு விடல. மூணாம் நாள் எஞ்சின அரைமணி நேரம் ஓடவிட்டு நல்லா சூடாக்கி அணைச்சாரு. குளத்தங்கரை ரோட்டுல ஆளு இல்லாத நேரமாப் பாத்துத் தள்ளிட்டுப் போனோம். ரெண்டாம் கியரப் போட்டு, கிளட்ச்ச மிதிச்சபடியே சாவியத் திருகுனாரு. வண்டி ஒரு குதி குதிச்சு ஓடிச்சு பாரு! நான் பக்கத்து சீட்டுல முருகா முருகான்னு இருக்கேன். காலைக் கிளட்சில இருந்து எடுக்காம, ஆக்சிலேட்டர ஒரு மிதி, விட்டுட்டு பிரேக்குல ஒரு மிதி. நாலாவது தடவை கீழ டொக்குன்னுச்சு. பிளேட்டு விட்டுட்டு. இல்லன்னா கியர்பாக்ஸ இறக்கியிருக்கணுமாம்.

அப்பா 2021ல ஆர்.சி. புதுப்பிச்சாரில்லா, அது அடுத்த வருசம் முடியுது. அத வந்து பாரு. சித்தி மகளுக்குத் தையில கல்யாணம்.

வாரத்துக்கு ஒருக்கா கிளட்ச்ச மிதிச்சு நாலடி முன்ன பின்ன எடுத்திருந்தா இது வந்திருக்காதுன்னாரு. நீயும் அதத்தான சொன்ன. ஸ்பார்க் பிளக்க பன்னெண்டு வயசுல கழட்டுனவன் நீ, ஒனக்குத் தெரியாததா. ஒவ்வொரு ஞாயிறும் "எடுத்தியாம்மா"ன்னு கேப்ப. நானும் "பத்து நிமிசம் ஓட்டுனேன் மக்களே"ம்பேன்.

ஒரு நாளும் ஓட்டல. ஷெட்டையே திறக்கல. சீட்டு அப்பா கால் நீளத்துக்குப் பின்னால கிடந்துச்சு. நான் உக்காந்தா முன்னால இழுக்கணும். அதுக்காக நூறு ஞாயிறு ஒங்கிட்ட பொய் சொல்லியிருக்கேன். மெக்கானிக்கு கூட வந்த அந்தப் பையன் என்னன்னா, ஏறுனதும் யாரையும் கேக்காம கடக்குன்னு இழுத்துட்டான். திட்டக்கூட வாய் வரல.

அங்க பொங்கித் திங்கியா, கடையிலயா? போன்ல முகம் சுண்டிப் போயிருக்க. வீடு வச்சிருக்குத அழகைப் பாத்தா எனக்கே பெருமையா இருந்தது, இப்ப பின்னால துணி குமிஞ்சு கிடக்கு. மருமக எங்கன்னா "தூங்குதா"ங்க. மூணு மாசமா அதான் சொல்லுத. இங்க ராத்திரி ஏழரைன்னா அங்க சாயங்காலம் ஆறு மணி. ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்கு எவ தூங்குவா? நான் கேக்கல மக்களே. கேட்டா நீ "நல்லாருக்கோம்மா"ம்பே. நானும் பத்து நிமிசம் ஓட்டுனேன்னு சொன்னவதான.

நேரத்துக்குச் சாப்பிடு. வண்டிய நிறுத்தியே போட்டுராத. பொங்கித் தின்னு, கேட்டியா.

நார்த்தங்கா ஊறுகாயி தனி டப்பாவுல இருக்கு. அது அவளுக்கு. அவ எங்க இருந்தாலும் கொண்டு குடுத்துட்டு எனக்குப் போன் அடி. ராத்திரி எத்தன மணின்னாலும் எடுப்பேன்.

அம்மா