அழித்த வரிக்கு 99

வளரிளம் பருவத்தினரின் உடல்நல ஆய்வுகளுக்குக் கேள்வித்தாள் தயாரிக்கும் குழுவினருக்கு,

வணக்கம். நீங்கள் கேட்கும் கேள்விகளுக்கு வரும் பதில்களைக் கணினியில் ஏற்றும் வேலையைச் சில ஆண்டுகள் பார்த்தவன் நான். ஒரு தாள் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. வயது 14, பையன். புகையிலை, மது, உடற்பயிற்சி, காய்கறி என எல்லாக் கட்டத்திலும் டிக் சுத்தமாக விழுந்திருந்தது. கடைசிப் பக்கத்தில் ‘வேறு ஏதேனும்’ என்று ஒரே ஒரு கோடு. அதில் பென்சிலால் எதையோ எழுதி, தாள் கிழியும் அளவுக்கு அழித்திருந்தான். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். ‘மார்பு’ என்ற சொல் மட்டும் பிடிபட்டது.

பருவ வயதில் பையன்கள் பலருக்குச் சில காலம் மார்பு வீங்கும். பெரும்பாலும் ஓரிரு ஆண்டில் தானாக வடிந்துவிடும். அதை அவனிடம் யாரும் சொல்லவில்லை போலும். உங்கள் தாளிலோ அதற்கு ஒரு கட்டம்கூட இல்லை. விதிப்படி 99, அதாவது ‘பதில் இல்லை’ என்று பதிந்துவிட்டு அடுத்த தாளை எடுத்தேன்.

புகையைப் பற்றிக் கேட்கவே கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் அது நம் கவலை. பிள்ளைகளின் கவலை எது என்பதை அவர்களிடமே கேட்டறிந்த பிறகல்லவா கேள்வி எழுத வேண்டும்? பரு இருக்கிறதா என்று கேட்டால் ‘ஆம்’ என்பான் ஒருவன். அவனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. நெற்றியில் ஒற்றைப் பரு வந்தவள் பள்ளிக்குப் போகவே கூசுவாள். ‘இருக்கிறதா’ என்பது வேறு, ‘உறுத்துகிறதா’ என்பது வேறு. எவ்வளவு உறுத்துகிறது, யாரிடமாவது பேச விருப்பமா என்ற இரண்டையும் சேர்த்துக் கேட்டால்தான் கவலையை அளந்ததாகும்.

‘அடிக்கடி’ என்ற சொல்லையும் விட்டுவிடுங்கள். 1983-84 முதல் ஐரோப்பிய நாடுகளில் 11, 13, 15 வயதினரிடம் நடந்துவரும் பள்ளி மாணவர் ஆய்வைப் பாருங்கள். தலைவலி, வயிற்றுவலி, எரிச்சல், தூக்கமின்மை என 8 தொல்லைகளைச் சொல்லி, கடந்த 6 மாதங்களில் ஏறக்குறைய தினமுமா, வாரம் ஒருமுறையா, மாதம் ஒருமுறையா என்று கேட்கிறது. பதில் சொல்பவருக்குக் குழப்பமில்லை. ‘பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் மனம்விட்டுப் பேசுவாயா?’ என்று உங்கள் தாளில் இருந்ததே, அம்மாவிடம் மட்டும் பேசுகிற பிள்ளை எதில் டிக் அடிக்கும்?

பிள்ளைகள் விளையாட்டுக்காகப் பொய் எழுதுவார்கள் என்பீர்கள். உண்மைதான். அமெரிக்காவில் 1994-95இல் தொடங்கிய ‘ஆட் ஹெல்த்’ என்ற வளரிளம் பருவத்தினர் உடல்நல ஆய்வில், செயற்கைக் கையோ காலோ இருப்பதாகப் பள்ளித்தாளில் எழுதியவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு, வீட்டில் போய் விசாரித்தபோது அப்படி எதுவும் இல்லை! குறும்புத் தாள்களைச் சலித்தெடுக்க வழி உண்டு. பயந்து எழுதாமல் விட்டதை எப்படிச் சலிப்பீர்கள்? ஆசிரியர் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்துகொண்டிருக்கும்போது எவன் மனதிலிருப்பதை எழுதுவான்? கேள்வியைக் காதுக்குள் ஒலிக்கவிட்டுக் கணினியில் பதில் வாங்கியபோது, சொல்லக் கூசும் நடத்தைகளைக் கூடுதலான பையன்கள் ஒப்புக்கொண்டதாக 1998இல் சயின்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. கணினிக்கு வழியில்லை என்றால், ஒட்டி மூடும் உறையாவது கொடுங்கள்.

இன்னொன்று, எனக்கு உறக்கம் கெடுத்தது. ‘வாழவே பிடிக்கவில்லை’ என்ற வரியில் டிக் அடித்த தாள்களும் என் மேசைக்கு வந்தன, எழுதி ஆறு மாதம் கழித்து. பெயர் இல்லாததால் யாரென்று தேடவும் முடியாது. பெயர் கேட்டால் உண்மை வராது. கேட்காவிட்டால் கை நீட்ட முடியாது. இதற்கு என்னிடம் முழு விடை இல்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கும் நாளில், தேடிவரும் பிள்ளையிடம் பேசத் தெரிந்த ஒருவர் அந்தப் பள்ளியிலேயே இருக்க வேண்டும். எங்கே, யாரிடம் பேசலாம் என்ற துண்டுச்சீட்டு ஒவ்வொரு தாளோடும் போக வேண்டும், டிக் அடித்தவருக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும். அதற்கு ஏற்பாடு செய்ய முடியாவிட்டால் அந்தக் கேள்வியை எடுத்துவிடுங்கள்.

அடுத்த தாளை அச்சுக்கு அனுப்புமுன் பத்துப் பிள்ளைகளை உட்காரவைத்து, ஒவ்வொரு கேள்விக்கும் ‘இதை நீ எப்படிப் புரிந்துகொண்டாய்?’ என்று கேட்டுவிடுங்கள். ‘வேறு ஏதேனும்’ கோட்டை அரைப் பக்கமாக்குங்கள். அதில் எழுதுவதைப் படிக்கவும் ஒருவரை வையுங்கள்.

இப்படிக்கு,
பதில்களைப் பதிந்தவன்