குழாய்ப் பாலத்துக்கு ஒரு கடன்: நிதித்துறைக்குத் திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் நிதித்துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே ஒரு கடைமடைக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருடம் பயிர்க்கடனும் நகைக்கடனும் எழுதியவன். இந்த மடலும் கடனைப் பற்றித்தான்: பேரிடர் வருமுன் காக்கும் வேலைக்கு ஊராட்சிகள் குறைந்த வட்டியில் வாங்க ஒரு கடன்.

எங்கள் ஊர் வடிகாலின் குறுக்கே, சுடுகாட்டுப் பாதையில், இரண்டடிக் குழாய் ஒன்றைப் போட்டு மேலே மண் அடித்திருக்கிறார்கள். ஐப்பசி மழை பிடித்தால் ஆகாயத்தாமரை மொத்தமும் வந்து அதன் வாயை அடைத்துக்கொள்ளும். நாலு பேர் இடுப்பளவு தண்ணீரில் நின்று மூங்கில் கழியால் தள்ளுவார்கள். தள்ளத் தள்ள வரும். மேல்பக்கம் நட்டு இருபது நாளான சம்பா மூழ்கிக் கிடக்கும், கீழ்ப்பக்கம் முழங்காலுக்குக் கீழேதான் தண்ணீர் ஓடும். சில நாள் இப்படியே நின்றால் பயிர் அழுகிவிடும். அப்புறம் கணக்கெடுப்பு, அடங்கல், நிவாரணத்துக்கு அலைச்சல். குழாயை எடுத்துவிட்டு அகலமாக ஒரு சிறுபாலம் கட்டினால் தீர்ந்தது. ஊராட்சியில் கேட்டால் பணம் இல்லை என்பார்கள். பொய் சொல்லவில்லை. தெருவிளக்குக்கும் மோட்டாருக்கும் கரண்ட் பில் கட்டியபின் என்ன மிஞ்சும்?

2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அடித்தபோதும் இதே கதைதான். கம்பமெல்லாம் சாய்ந்து வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற வாடகை ஜெனரேட்டர் பிடித்தோம். அவர்கள் சொன்னதுதான் விலை. வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்து நோட்டில் எழுதியது நான்தான். எதிர்வீட்டு ஆயா காசைக் கொடுத்துக்கொண்டே கேட்டது: “இந்தச் சனியன முன்னாடியே ஒண்ணு வாங்கிப் போட்டிருந்தா என்ன தம்பி?”

அந்தக் கேள்வியைத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

15-வது நிதிக்குழு 2021-26 காலத்துக்கு, பேரிடர் நிதியில் 20 சதவீதத்தைத் தணிப்பு வேலைக்கென்றே, அதாவது பாதிப்பை முன்கூட்டியே குறைக்கும் வேலைக்கென்றே, பிரித்துவைத்தது. நல்ல காரியம். ஆனால் அது மேலிருந்து இறங்கும் பணம், எங்கள் குழாய் வரைக்கும் வந்து சேர்வது கஷ்டம். நகரங்களுக்காவது கடன் கொடுக்க 1996-லிருந்து தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியம் இருக்கிறது. எங்களுக்கு அந்த வாசலும் இல்லை.

அமெரிக்காவில் 2021 தொடக்கத்தில் ஒரு சட்டம் வந்தது. பேரிடர் வருவதற்கு முன்பே வேலை பார்க்க, அந்நாட்டு ஒன்றிய அரசு மாநிலங்களுக்கு முதல்பணம் கொடுக்கிறது. மாநிலம் தன் பங்காகப் பத்து சதவீதம் போடுகிறது. அதிலிருந்து உள்ளாட்சிகளுக்குக் கடன், வட்டி ஒரு சதவீதத்தைத் தாண்டக்கூடாது. திரும்பி வரும் பணம் அடுத்த ஊருக்குப் போகும். நம் மகளிர் குழுக்களுக்கு இது புதிதா என்ன? சுழல்நிதி என்று சொன்னால் எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

தவணை தவறாத விவசாயிக்கு இங்கே பயிர்க்கடனில் வட்டியே கிடையாது. நடவு நட வட்டியில்லாக் கடன் கிடைக்கிறது, நட்டதை மூழ்காமல் காக்க ஊராட்சிக்குக் குறைந்த வட்டியில்கூட ஒரு கடன் இல்லை. முப்பது வருடம் அந்தப் பேரேட்டோடு இருந்தவனுக்கு இது உறுத்தாமல் இருக்குமா?

சரி, கடன் என்றால் திருப்பிக் கட்ட வேண்டுமே. ஊராட்சிகளுக்கு நீங்கள் கொடுக்கும் மாநில நிதிக்குழு மானியத்தில் வருடா வருடம் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். பத்துப் பதினைந்து வருடத் தவணை கொடுங்கள். புயலடித்த வருடம் பிடிக்காதீர்கள். வீட்டு வரியே சரியாக வராத ஏழை ஊராட்சிகளுக்குப் பாதியை மானியமாகக் கழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் வசதியான ஊர் மட்டும்தான் விண்ணப்பம் போடும். ஊராட்சி கடன் வாங்க விதியில் எதைத் திருத்த வேண்டுமோ திருத்துங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இதைச் சாக்காக வைத்து அரசு கையைக் கழுவக்கூடாது. ஆற்றுக்கரையும், கடல்நீர் ஏறாமல் தடுக்கும் கடைமடைச் சட்ரஸும் (ஷட்டர் மதகு) உங்கள் வேலை. வெண்ணாற்றுப் பகுதியில் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடன் வாங்கி அதைத்தானே செய்தீர்கள். நாங்கள் கேட்பது சிறுபாலம், வடிகால் மதகு, ஜெனரேட்டர், பள்ளிக்கூடத்தின் மேட்டுத்தளம், அவ்வளவுதான்.

வடிகாலின் அகலம், ஆழம், பாதையின் நீளம் எல்லாம் அளந்து வைத்திருக்கிறேன். ஆள் அனுப்பினால் கூட வந்து காட்டுகிறேன். ஜீப் சுடுகாடு வரை வரும். ஆனால் புரட்டாசிக்குள் வரச் சொல்லுங்கள், அதற்கப்புறம் அந்தப் பாதையில் நடந்துகூட வர முடியாது.

இப்படிக்கு,
ஒரு பழைய சங்கச் செயலாளர்