சக்கரம் நின்ற பிறகு

அன்பு மகளுக்கு,

விருது மேடைக்குக் குழுத் தலைவரை மட்டும் கூப்பிட்டார்கள், கருவியோடு மல்லுக்கட்டியவர்கள் பெயரை யாரும் சொல்லவில்லை என்று எழுதியிருந்தாய். உன் கோபம் நியாயம்தான். ஆறுதல் சொல்ல எனக்கு வராது. உனக்குப் பிடித்த செவ்வாய்க் கிரகக் கதையையே எழுதுகிறேன்.

2004 டிசம்பரில் ‘சயின்ஸ்’ இதழ், அந்த ஆண்டின் தலைசிறந்த அறிவியல் சாதனையாக நாசா செவ்வாயில் இறக்கிய ஸ்பிரிட், ஆப்பர்சூனிட்டி ஊர்திகளின் கண்டுபிடிப்பைத் தேர்ந்தெடுத்தது. செவ்வாயில் ஒரு காலத்தில் உப்பும் அமிலமும் கலந்த தண்ணீர் இருந்ததற்குத் தடயம் கிடைத்திருந்தது. அதில் பெரும்பங்கு ஆப்பர்சூனிட்டிக்கு. அது இறங்கிய சின்னப் பள்ளத்திலேயே பாறை அடுக்குகள் வெளியே தெரிந்தன. சுற்றிலும் மிளகு சிந்தியதுபோல ஹேமடைட் என்ற இரும்புக் கனிம உருண்டைகள். பாறைக்குள் ஜாரோசைட், தண்ணீர் இல்லாமல் அந்தக் கனிமம் உருவாகாது. ஸ்பிரிட் பாவம். பழைய ஏரி என்று நம்பி குசேவ் பள்ளத்தில் இறக்கினால், சமவெளி முழுக்க எரிமலைப் பாறை.

சரி, நான் சொல்ல வந்தது அதற்கு அப்புறம் நடந்தது. செவ்வாய்க் கிரகக் கணக்கில் 90 நாட்கள் ஓடினால் போதும் என்று அனுப்பிய வண்டிகள் அவை. 2006இல் ஸ்பிரிட்டின் ஆறு சக்கரங்களில் வலது முன்சக்கரம் நின்றுபோனது. வண்டியைப் பின்பக்கமாக ஓட்ட ஆரம்பித்தார்கள். செத்த சக்கரம் மண்ணை உழுதுகொண்டே இழுபட்டது. 2007இல் அப்படி உழுத தடத்தில் வெள்ளை வெளேரென்று மண் தெரிந்தது. அளந்து பார்த்தால் சுமார் 90 சதவீதம் சிலிக்கா! வெந்நீர் ஊற்றோ, எரிமலை நீராவியோ இருந்த இடத்தில் சேரும் வகை. பூமியில் அப்படிப்பட்ட இடங்களில் நுண்ணுயிர்கள் செழித்து வாழ்கின்றன. சக்கரம் நன்றாகச் சுழன்றிருந்தால் மேலேயே ஏறிப் போயிருக்கும், அடியில் இருந்தது தெரிந்திருக்காது.

என்னைக் கேட்டால் 2004இல் பாராட்டியதைவிட இதுதான் பெரிய விஷயம். முதல் வருடத்திலேயே மாலை போட்டது கொஞ்சம் அவசரம்தான். ஆப்பர்சூனிட்டியும் 2018 ஜூனில் புழுதிப் புயலில் அடங்கும்வரை 45 கிலோமீட்டர் ஓடியதே! இந்த ஊர்தித் திட்டத்தின் தலைமை விஞ்ஞானி ஸ்டீவ் ஸ்குவைர்ஸின் பெயர் பலருக்குத் தெரியும். அவரும் சும்மா வந்தவரில்லை, எழுதிக் கொடுத்த திட்டங்கள் வருடக்கணக்கில் திரும்பி வந்தன. ஆனால் நொண்டி வண்டியைப் பின்பக்கமாக ஓட்டக் கட்டளை எழுதியவர்களின் பெயர் செய்தியில் வருவது அபூர்வம். உன்னிடம் இதை மறைத்து என்ன பயன்? பல நேரம் அப்படித்தான் நடக்கிறது. அடுத்த முறை கட்டுரையில் யார் பெயர் எங்கே வரும் என்பதை வேலை தொடங்கும்போதே கேட்டுவிடு. கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

அந்த வெள்ளை மண்ணை அளந்தது ஊர்தியின் கை நுனியில் இருந்த எக்ஸ் கதிர் நிறமாலைமானி. கியூரியம் என்ற கதிரியக்கத் தனிமம் வெளிவிடும் கதிர்களை மண்மேல் பாய்ச்சி, திரும்பி வரும் எக்ஸ் கதிரை வைத்துத் தனிமங்களைக் கண்டுபிடிக்குமாம். நீ இப்போது அளவு சரிபார்த்துக்கொண்டிருக்கும் கருவியும் இதே வகைதானா? மேலே புழுதி படிந்திருந்தால் கணக்கு எவ்வளவு தப்பும்? விவரமாக எழுது.

அன்புடன்,
அம்மா